பிளவுபட்ட நகரத்தில் ஓர் ஆவணக் காப்பகம்: எங்கிருந்து வரையத் தொடங்குவது?

கேள்வி: கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். சைப்ரஸின் தலைநகர் நிக்கோசியாவில் ஒரு பொது ஆவணக் காப்பகம் என்பது என் தீசிஸ். நகரத்தைத் துருக்கிய சைப்ரியர்களின் வடக்கு, கிரேக்க சைப்ரியர்களின் தெற்கு என்று பிரிக்கும் ஐ.நா. இடைப்பகுதியில், மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் எர்மு தெருவை ஒட்டி மனை எடுத்திருக்கிறேன். இரண்டு கட்டடத் தொகுதிகள். நடுவே நகரத்தின் பிளவைக் காட்டும் நீண்ட வெடிப்பு. அதன்மேல் இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். ஒரு முனையில், இரு பக்கமும் தெரியும்படி ஏழு மாடிக் கண்ணாடிக் கோபுரம், வாசிப்பறை அதில்தான். ஆவணங்கள் எல்லாம் நிலத்தடியில். முதல் ஜூரியில், அதாவது மதிப்பீட்டுக் குழுவின் முன், "பிளவு தெரிகிறது, காப்பகம் எங்கே?" என்று கேட்டார்கள். இன்னொருவர், இரண்டு வாசல் வைத்தால் பிரிவினையை நானே கட்டிக்கொடுப்பதாக ஆகும் என்றார். எங்கிருந்து திருத்துவது என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஜூரி கேட்டது நியாயமான கேள்வி. அதற்காக நகரத்தை மறந்துவிட்டு வெறும் கிடங்கு ஒன்றை வரைந்துகொண்டு போய் நிற்க வேண்டாம். நீங்கள் எடுத்திருக்கும் விஷயம் பெரியது, அதை விடாதீர்கள். விட வேண்டியது அந்த வெடிப்பையும் பாலத்தையும்தான். நிக்கோசியாவில் வாழ்பவர்களுக்கு நகரம் பிளந்து கிடப்பதைக் கட்டடம் கட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1963 டிசம்பரில் இரு சமூகங்களுக்கும் இடையே நடந்த மோதல்களுக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பீட்டர் யங் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் இழுத்த கோடு, 1974-இல் நடந்த துருக்கியின் படையெடுப்புக்குப் பிறகு தீவு முழுக்க 180 கிலோமீட்டர் நீள இடைப்பகுதியாக ஆனது. பழைய நகருக்குள் சில இடங்களில் அதன் அகலம் ஒரு சந்தின் அகலம்தான். தெருக்கோடியில் மணல்மூட்டையும் பீப்பாய்களும் பார்த்தே வளர்ந்த ஒருவர், உங்கள் கட்டடத்துக்குள் வந்தும் அதே பிளவின் கலைவடிவத்தைத் தாண்டிப் போக வேண்டுமா?

அவர் எதற்காக வருகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். 1974-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர்கள் தெற்கே வந்தார்கள். பல பத்தாயிரம் துருக்கிய சைப்ரியர்கள் வடக்கே போனார்கள். இரு தரப்பிலும் காணாமல் போனவர்கள் என்று அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பேர். 1,510 பேர் கிரேக்க சைப்ரியர், 492 பேர் துருக்கிய சைப்ரியர். ஆகவே உங்கள் வாசலுக்கு வருபவர்களில் ஒருவர் தாத்தாவின் நிலத்துக்குப் பத்திர நகல் தேடி வருவார். ஒருவர் அண்ணன் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் சம்பளப் பதிவேட்டைத் தேடி வருவார். ஒருவர் தன் ஊரின் பழைய பள்ளிப் புகைப்படத்தைப் பார்க்க வருவார். ஆராய்ச்சியாளர்களும் வருவார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். முதல் முறை ஒரு காப்பகத்துக்குள் காலடி வைக்கும் எழுபது வயதுக்காரருக்காக வரையுங்கள்.

அவருக்கு முதலில் வரும் கேள்வி, "நான் அங்கே போனது யாருக்குத் தெரியும்?" என்பதுதான். மனையின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. எர்மு தெருவை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் கிரேக்கரும் துருக்கியரும் அர்மீனியரும் கடை போட்டிருந்த வணிகத் தெரு. இன்று இடைப்பகுதிக்குள் மாட்டிக்கொண்டு, இடிந்து நிற்கும் மண்கல் சுவர்களோடு கிடக்கிறது. ஆனால் பொதுமக்கள் நடந்து கடக்கும் இடம் அங்கே இல்லை. பழைய நகருக்குள் 2008 ஏப்ரலில் திறந்த லெட்ரா தெருக் கடவை இருக்கிறது. அங்கே இரு சோதனைச் சாவடிகளும் அருகருகே நிற்கின்றன, நடுவில் உங்களுக்கு இடமில்லை. லெட்ரா பேலஸ் ஹோட்டல் பக்கம் போனால் நிலைமையே வேறு. 2003-இல் திறந்த அந்தக் கடவையில் இரு சாவடிகளுக்கும் நடுவே நீண்ட தெரு ஒன்று இருக்கிறது. இரு சமூகத்து வரலாற்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ஒத்துழைப்பு இல்லம்' 2011 முதல் அந்தத் தெருவில்தான் இயங்குகிறது. தெற்கிலிருந்து வருபவர் தெற்குச் சாவடியை மட்டும் தாண்டினால் போதும், வடக்கிலிருந்து வருபவர் வடக்குச் சாவடியை மட்டும். யாரும் 'அந்தப் பக்கம்' போக வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக் காவலரிடம் அடையாள அட்டை நீட்டுவதைக் கொள்கையாகவே மறுப்பவர்கள் இரு பக்கமும் உண்டு, அவர்களும் இங்கே வர முடியும். கட்டடம் எழும்புவதற்கு முன்பே மனை பாதி வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் மனையை மாற்றச் சொல்வது பெரிய சுமை என்று தெரியும். இருந்தாலும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். எர்முவை விட மனம் வரவில்லை என்றால், புதிய கடவை ஒன்றையும் உங்கள் திட்டத்தின் பகுதியாக வரைந்து காட்டுங்கள். இரு சாவடிகள் எங்கே நிற்கும், நடுவில் எவ்வளவு இடம், யார் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பது வரை.

நடுநிலையான மனை என்று ஒன்று தானாகக் கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். வட அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் 2011-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் டைட்டானிக் குவார்ட்டருக்கு மாறியது. பழைய கப்பல் கட்டும் துறையின் நிலம் அது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள் என்று பிளவுபட்ட நகரத்தில், ஒரு தரப்பினர் மட்டும் குடியிருக்கும் தெருக்களுக்குள் அது இல்லை, நல்ல சாலை, நல்ல வெளிச்சம். ஆனால் அந்தக் கப்பல் துறையில் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளே வேலை பார்த்தார்கள், 1920-இல் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். நிலத்துக்கு ஞாபகம் இருந்தே தீரும். அந்த மனைக்கு முன்பு என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, தீசிஸ் புத்தகத்தில் சேருங்கள். ஜூரி கேட்காவிட்டாலும் அது உங்களுக்கு வேண்டும்.

சரி, வாசல் விஷயத்துக்கு வருவோம். இரண்டு வாசல் பிரிவினை, ஒரு வாசல் ஒற்றுமை என்று சட்டென்று முடிவு கட்ட வேண்டாம். வளாகத்துக்குள் நுழைய இரண்டு வழி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆட்கள் இரண்டு திசையிலிருந்து வருகிறார்கள். கட்டடத்துக்கு ஒரே கதவு போதும். இரண்டு வழிகளும் கதவுக்கு முன்னாலேயே, நிழல் விழும் ஒரு முற்றத்தில் சேரட்டும். முற்றத்துக்கு வருவதற்கு யாரிடமும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, பதிவேட்டில் கையெழுத்து போட வேண்டியதில்லை. நுழையலாமா வேண்டாமா என்று யோசிக்க அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், திரும்பியும் போகலாம். கிரேக்கம், துருக்கியம் இரண்டும் பெயர்ப்பலகையில் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருக்கட்டும். மேல், கீழ் என்று வைத்தீர்களானால் எது மேலே என்ற சண்டைதான் கட்டடத்தின் முதல் செய்தியாக வரும்.

அடுத்தது கோபுரம். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இடைப்பகுதியில் ஏழு மாடி எழுப்பினால், மேல் மாடியிலிருந்து இரு பக்கத்துக் காவல் நிலைகளும் தெரியும். அமைதிக் காலத்தில் அதற்கு 'வியூ' என்று பெயர். நிலைமை மாறினால் அது சுடும் இடம். பெய்ரூட்டில் பராகாத் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது, யூசுஃப் அஃப்திமுஸ் 1924-இல் வடிவமைத்தது. தெருமுனையில் நிற்கும் அந்த வீட்டின் மூலை திறந்திருக்கும்; உள்ளறைகளில் இருந்துகூடத் தெரு தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. 1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டு, நகரைப் பிரித்த கோடு அந்தச் சாலை வழியே ஓடியபோது, அதே பார்வைக் கோடுகள்தான் அதைக் குறிபார்த்துச் சுடுபவர்களின் கூடாக்கின. பின்னாளில் போரின் தழும்புகளோடு அதைக் காப்பாற்றி, நகரத்தின் நினைவுக்கான அருங்காட்சியகமாக மாற்றினார்கள்.

கோட்டை மாதிரி மூடிக்கட்டினாலும் ஆபத்து போய்விடாது. டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் இருந்தது. தீ பிடித்தால் வாசிப்பறைப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் ஆவணங்கள் இருந்த பெரிய கட்டடத்துக்கும் இடையே தீத்தடுப்பு இடைவெளி விட்டிருந்தார்கள். 1922-இல் ஆயுதம் ஏந்திய ஒரு தரப்பு வளாகத்தைப் பிடித்து, ஆவணக் கட்டடத்தில் வெடிமருந்தை வைத்தது. ஜூன் 30 அன்று நடந்த வெடிப்பிலும் தீயிலும் பல நூற்றாண்டு ஆவணங்கள் போயின. தீத்தடுப்பு இடைவெளி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வாசிப்பறையும், அன்று அங்கே எடுத்து வைத்திருந்த கொஞ்சம் ஆவணங்களும் பிழைத்தன. எதிலிருந்து காக்கிறோம் என்ற கணிப்புதான் தவறிவிட்டது. ஆகவே உங்கள் கட்டடம் தாழ்வாக, இரண்டு மூன்று மாடியோடு நிற்கட்டும். அக்கம்பக்கத்துக் கூரைகளைவிட உயரம் வேண்டாம். மொட்டை மாடிக்கு ஆட்கள் ஏறும் படிக்கட்டு வேண்டாம், பராமரிப்புக்குப் பூட்டு போட்ட ஒரு வழி போதும். யாருக்கும் ராணுவ ரீதியாகப் பயன்படாத கட்டடமாக அதைச் செய்வது கட்டடக்கலைஞரின் கையில்தான் இருக்கிறது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வரைபடங்களில் அது நிறைய இருக்கிறது. வெளிப்படைத்தன்மை என்றால் கண்ணாடிச் சுவர் என்று நம் துறையில் ஒரு பழக்கம் ஆகிவிட்டது. நீங்கள் வாசிப்பறையைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள். தெருவில் போகும் பக்கத்து வீட்டுக்காரர், உள்ளே யார் எந்த மேசையில் உட்கார்ந்து யாருடைய கோப்பைப் படிக்கிறார் என்று பார்க்க முடியும் என்றால் அந்த மேசைக்கு யாரும் வர மாட்டார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். பெட்டிகள் வந்து இறங்குவது, தூசு தட்டுவது, கிழிந்த தாளை ஒட்டுவது, பட்டியல் எழுதுவது ஆகிய வேலைகள் தெருவைப் பார்த்து இருக்கட்டும், அங்கே போடுங்கள் கண்ணாடியை. நம் பக்கத்துத் தாளையும் அவர்கள் பக்கத்துத் தாளையும் ஒரே மேசையில், ஒரே கவனத்தோடு சரிசெய்கிறார்கள் என்பதை நடந்து போகிறவர் தினமும் பார்க்கட்டும். பல வருடம் பார்த்த பிறகுதான் தன் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவார். வாசிப்பறை உள்முற்றத்தைப் பார்த்து, வடக்கு வெளிச்சத்தோடு, வெளியிலிருந்து கண்ணுக்குப் படாமல் இருக்கட்டும். நகரத்துக்குக் கட்டடம் தர வேண்டிய முகம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் தேடிக்கொண்டிருந்த கான்செப்டும் இதில் கிடைத்துவிடும்.

ஆவணங்களைப் பூட்டி வைக்கும் காப்பறைகள் நிலத்தடியில் வேண்டவே வேண்டாம். எர்மு தெரு ஓடுவது ஏறக்குறைய பெடியோஸ் ஆற்றின் பழைய படுகை வழியாக. 1567-இல் வெனிஸ்காரர்கள் மதில் கட்டும்போது ஆற்றை வெளியே திருப்பிவிட்டார்கள். பெருமழை வந்தால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும். மதிலுக்குள் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் இடைக்காலத்து நகரம் வெளிப்படும், அப்புறம் வேலை தொல்லியல் துறையின் கையில். கொலோன் நகரத்தின் வரலாற்று ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3-ஆம் தேதி இடிந்து விழுந்தது, பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் வேலையால். இருவர் இறந்தார்கள். சுமார் 30 கிலோமீட்டர் நீள அடுக்குகளில் இருந்த ஆவணங்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் புதைந்தன. பெரும்பகுதியைத் தோண்டி எடுத்தார்கள், ஆனால் கிழிந்து நனைந்த துண்டுகளைச் சேர்க்கும் வேலை தலைமுறைக் கணக்கில் நீள்கிறது.

அதே கொலோன் கட்டடத்திடமிருந்து நல்ல பாடமும் ஒன்று உண்டு. 1971-இல் அதைக் கட்டியபோது தடித்த செங்கல் சுவரும் ஒடுங்கிய ஜன்னலுமாக, இயந்திரத்தை அதிகம் நம்பாமல் உள்ளே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சீராக வைக்கும் முறையைக் கையாண்டார்கள். காப்பகத் துறையில் 'கொலோன் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. தாளுக்கு 13 முதல் 20 டிகிரி செல்சியஸ், 35 முதல் 60 சதவீத ஈரப்பதம்; இந்த எல்லைக்குள் மெதுவாக ஏறி இறங்கினால் பெரிய கெடுதல் இல்லை. திடீர் மாற்றம்தான் தாளைக் கொல்லும். நிக்கோசியாவின் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கே முழுக்க ஏசியை நம்பிய காப்பறை, மின்சாரம் நின்ற மறுநாளே சிக்கலில் மாட்டும். பிளவுபட்ட நகரத்தில் மின்சாரமும் டீசலும் உதிரிப் பாகமும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதே அரசியல். ஆகவே காப்பறைக்கு ஜன்னலே வேண்டாம். கனமான இரட்டைச் சுவர், நடுவே வெப்பத் தடுப்பு, காற்று கசியாத கதவு, கூரைக்கு மேல் நிழல் தரும் இன்னொரு கூரை என்று போங்கள். சின்ன இயந்திரம் ஒன்று துணைக்கு இருந்தால் போதும்.

எடையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தாள் நிரம்பிய ஒரு மீட்டர் அடுக்கு 40, 50 கிலோ வரும். இரண்டு கிலோமீட்டர் அடுக்கு என்று வைத்தால் 80 முதல் 100 டன். அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 250, 300 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். தண்டவாளத்தில் நகரும் அடுக்குகள் வைத்தால் அது 1,000 கிலோவைத் தாண்டும். சைப்ரஸ் நிலநடுக்கம் வரும் தீவு, அவ்வளவு எடையை உயரத்தில் வைத்துக்கொண்டு ஆடவிட முடியாது. இதுவும் சேர்ந்தே காப்பறையை எங்கே வைப்பது என்பதைச் சொல்லிவிடுகிறது: தரையிலிருந்து ஒரு மீட்டராவது உயர்த்திய மேடைமேல், தரைத்தளத்தில், கட்டடத்தின் நடுவில். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள்.

அப்புறம், ஒரு பெட்டியின் பயணத்தை வரைந்து பாருங்கள். ஒரு மூதாட்டி, இறந்துபோன கணவரின் தையற்கடைக் கணக்குப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி நேரே காப்பறைக்குப் போகக் கூடாது, உள்ளே பூஞ்சை இருக்கலாம், பூச்சி இருக்கலாம். அவரை உட்காரவைத்து, என்னென்ன தருகிறார் என்று எழுதி, யார் பார்க்கலாம் யார் பார்க்கக் கூடாது என்று அவர் வாயால் கேட்டுப் பதிய ஒரு சின்ன அறை வேண்டும். பக்கத்திலேயே தனிக் காற்றோட்டம் உள்ள தனிமைப்படுத்தும் அறை. பூச்சி இருந்தால் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே ஒன்றிரண்டு வாரம் வைக்க ஒரு உறைபெட்டி. பிறகு சுத்தம் செய்யும் மேசை, பட்டியல் போடும் மேசை, அமிலமில்லாத பெட்டிக்கு மாற்றும் இடம், எல்லாம் முடிந்துதான் காப்பறை. இந்த வழி முழுக்க ஒரு தள்ளுவண்டி படி இல்லாமல், வாசற்படி மேடு இல்லாமல், வாசகர்கள் நடக்கும் பாதையில் குறுக்கிடாமல் போக வேண்டும். உங்கள் பிளானில் லோடிங் டாக்கிலிருந்து (வண்டியில் வரும் பெட்டிகளை இறக்கும் இடம்) காப்பறைக்குப் போக வண்டி கண்ணாடிப் பாலத்தைக் கடக்கிறது. கோடை மதியத்தில் அந்தப் பாலத்தில் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பாலத்தை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

வாசிப்பறை மேசைக்கு நேரம் கொடுங்கள். ஒருவருக்குக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம். நில அளவை வரைபடம் விரிக்கத் தனியாகப் பெரிய மேசைகள் இரண்டு மூன்று. பணியாளர் எல்லா மேசையையும் பார்க்க முடிய வேண்டும், ஆனால் ஒரு வாசகர் படிக்கும் பக்கம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. நடுவே மறைப்புச் சுவர் வைக்காமல், மேசைகளின் கோணத்தையும் இடைவெளியையும் வைத்தே இதைச் சாதிக்கலாம். பைகளை வைத்துப் பூட்டும் இடம், கை கழுவும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம் மூன்றையும் சேர்த்து, பெஞ்சு போட்டுக் கொஞ்சம் தாராளமாகச் செய்யுங்கள். வாசிப்பறையில் பேசக் கூடாது. இரு பக்கத்து ஆட்களும் பேச்சுக் கொடுத்துக்கொள்வது, பேசினால், இந்தப் பெஞ்சில்தான்.

படித்த பிறகு என்ன ஆகும் என்பதை உங்கள் திட்டம் யோசிக்கவே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் துறையான ஸ்டாசியின் கோப்புகள் 111 கிலோமீட்டர் நீளம். தங்கள் மீது எழுதப்பட்ட கோப்பை மக்களே படிக்கலாம் என்று 1991-இல் சட்டம் வந்து, 1992 ஜனவரியில் வாசிப்பறைகள் திறந்தன. அதன்பின் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. உளவு சொன்னது நண்பர் என்று கண்டவர்கள் உண்டு, கூடவே வாழ்ந்த கணவர் என்று கண்டவர்களும் உண்டு. நிக்கோசியாவில் படிக்க வருபவருக்கும் அப்படி ஒரு பக்கம் திரும்பலாம். ஆகவே வாசிப்பறைக்கு ஒட்டியே ஒரு சின்ன அறை: இரண்டு நாற்காலி, கதவு, முற்றத்துச் செடி தெரியும் ஒரு ஜன்னல். அங்கிருந்து யாரையும் தாண்டிப் போகாமல் நேரே வெளியேறும் வழி. ஒன்பது சதுர மீட்டர் போதும். உங்கள் நுழைவுக்கூடம் நானூறு சதுர மீட்டர் என்று பிளானில் போட்டிருக்கிறீர்கள். அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள். கோப்பைக் கொடுப்பதற்கு முன் மூன்றாம் நபர்களின் பெயரை மறைக்கும் ஊழியர்களுக்கும் அமைதியான அறை வேண்டும். அந்த வேலை நாள் முழுக்க நடக்கும், மனதைக் கரைக்கும். அவர்களுக்கு ஜன்னல் கொடுங்கள்.

தீயைப் பற்றித் தமிழ் வாசகர் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 1981 மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. கட்டடத்தை மறுபடி எழுப்ப முடிந்தது. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடு திரும்பவில்லை. சரயேவோவில் 1992 ஆகஸ்டில் குண்டு வீச்சில் தேசிய நூலகம் எரிந்தது. அதே நகரத்தில் 2014 பிப்ரவரியில் கோபம் கொண்ட கூட்டம் குடியரசுத் தலைமை மாளிகைக்குத் தீ வைத்தது. மாளிகைக்குள் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஒரு பகுதி இருந்தது, ஆவணங்கள் எரிந்தன. அதிகாரத்தோடு ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்ட காப்பகம், அதிகாரத்தின் மீது விழும் கோபத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டி வரும். உங்கள் திட்டத்தில் மேல்மாடியில் இரு அரசுகளுக்கும் 'தொடர்பு அலுவலகம்' கொடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

காப்பறையைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் சுவரும் கதவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நான்கு மணி நேரம், தீயைத் தாங்கட்டும். இங்கே ஒரு கவனம்: வடக்கு ஆவணம் ஓர் அறை, தெற்கு ஆவணம் ஓர் அறை என்று பிரிக்க வேண்டாம். அப்படிப் பிரித்தால், ஒரு அறையை மட்டும் கொளுத்த வருபவருக்கு வழி காட்டியதாகும். வந்த வரிசையில், எண் போட்டுக் கலந்து வையுங்கள். எது எங்கே என்பது பட்டியலுக்கு மட்டும் தெரியட்டும். ஸ்கேன் செய்யும் கூடத்தைப் பின்கட்டில் ஒளிக்காமல் வாசிப்பறைக்குச் சமமான இடமாகக் கருதுங்கள். நுழையும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி எடுத்து, தீவுக்கு வெளியே ஓர் இடத்திலும் வைக்க வேண்டும்.

சாவி யாரிடம் என்ற கேள்வியை ஜூரி கட்டாயம் கேட்கும். சைப்ரஸில் காணாமல் போனோரைத் தேடும் குழு 1981 முதல் ஒரு அமைப்பை வைத்திருக்கிறது: இரு சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவர், ஐ.நா. வழியாக மூன்றாவது ஆள். அதுபோல நீங்களும் முன்மொழியலாம். இரு அரசுகளும் தங்கள் மூல ஆவணங்களைத் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நகல் தரலாம். மூலமாக வருபவை குடும்பப் படங்கள், கடைக் கணக்குகள், சங்கக் குறிப்பேடுகள், வாய்மொழிப் பதிவுகள். நகராட்சிகளிடம் கழிவுநீர்க் குழாய் வரைபடங்களையும் கேட்கச் சொல்லுங்கள். 1970-களின் இறுதியில் தெற்கு மேயர் லெலோஸ் டிமிட்ரியாடிஸும் வடக்கு மேயர் முஸ்தஃபா அக்கின்ஜியும் பேசி, பிரிந்த நகரத்துக்கு ஒரே கழிவுநீர்த் திட்டத்தை நிறைவேற்றினார்கள். மேலே கம்பிவேலி இருக்க, கீழே குழாய் ஒன்றாகவே ஓடி வடக்கில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நகரத்தின் இரு பாதியையும் ஒரே தாளில் விரிக்காமல் அந்தக் குழாயைப் படிக்க முடியாது. உங்கள் பெரிய மேசைகளின் அளவை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யலாம்.

அடுத்த ஜூரிக்குப் புது மாடல் செய்ய உட்கார வேண்டாம். தரைத்தளப் பிளான் ஒன்று, அதில் மூன்று நிறத்தில் மூன்று பாதை: வடக்கிலிருந்து வருபவர், தெற்கிலிருந்து வருபவர், பெட்டி. காப்பறைச் சுவரும் கூரையும் தெரியும் ஒரு செக்ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்), 1:20 அளவில். வாசிப்பறை மேசையும் அந்தச் சின்ன அறையும் சேர்ந்த ஒரு விரிவான வரைபடம், அதுவும் 1:20. கூடவே அதே தரைத்தளப் பிளானை இன்னும் இரண்டு முறை அச்செடுங்கள். ஒன்றில், சாவடிகள் இரண்டும் அகற்றப்பட்டு இது சாதாரண நகரத் தெருவான பிறகு வளாகத்தின் இரண்டு வழிகளும் எப்படி இருக்கும் என்று வரையுங்கள். இன்னொன்றில், ஒரு வாரத்தில் கடவை மூடப்படப் போகிறது என்று தெரிந்தால் எந்தப் பெட்டிகள் முதலில், எந்தக் கதவு வழியாக, எந்த வண்டியில் வெளியேறும் என்று குறியுங்கள். இரண்டாவதை வரையும்போது லோடிங் டாக்கின் கதவு அகலம் போதவில்லை என்று தெரியவரும், இப்போது 1.8 மீட்டர் போட்டிருக்கிறீர்கள், 3 மீட்டராக்குங்கள்.